பெயர்ப்பலகை இல்லாத மீன் கடை, காகிதப்பட்டறை

வேலூர் தோட்டப்பாளையத்தில் 2009-லிருந்து மெஸ் நடத்துகிறேன். புதனும் ஞாயிறும் மீன் குழம்பு உண்டு. மீன் வாங்குவதில் நான் ஏமாந்த கதைகளை எழுத ஒரு நோட்டு போதாது. அதனால் இத்தனை வருடத்தில் என்னை ஏமாற்றாத ஒரே கடையைப் பற்றி எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர் கிடையாது. காகிதப்பட்டறையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது. மூன்று தெர்மாகோல் பெட்டி, ஒரு புளியங்கட்டை, ஒரு எலக்ட்ரானிக் தராசு, அவ்வளவுதான். அவர் வெட்டுவார், அவர் மனைவி செதில் சீவிக் கழுவுவார். கல்லா மனைவியிடம். பேரம் பேசுகிறவர்கள் அவரிடம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்தக் கடையின் விசேஷம் தூணில் தொங்கும் ஸ்லேட்டுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அதே ஸ்லேட்டு. தினமும் காலையில் அதில் எழுதிவிடுவார்: ‘சங்கரா, காசிமேடு, நேற்று ராத்திரி. மத்தி, கேரளா, ஐஸ் 2 நாள். வஞ்சிரம், மங்களூர், ஐஸ் 4 நாள்.’ நான்கு நாள் ஐஸில் இருந்த மீனை நான்கு நாள் என்று சொல்லி விற்கிறவரை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. மன்னன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கடல் இல்லாத மீன் மார்க்கெட்டையும் அதில் சேர்க்கலாம். சென்னைக் காசிமேடு இங்கிருந்து 140 கிலோமீட்டர். அப்படியிருந்தும் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ‘இப்பதான் வந்துச்சுக்கா’ என்பார்கள்.

அப்படிச் சொன்ன ஒருவரிடம்தான் நான் வசமாக மாட்டினேன். கடை எது என்று சொல்லப்போவதில்லை, கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட பெரிய கடை. ஜூன் முதல் வாரம் அது. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நாற்பது பேருக்கு வஞ்சிரம் வறுவல் கேட்டிருந்தார்கள். பளபளவென்று இருந்தது, வாங்கி வந்தேன். மசாலா தடவி வைத்த அரை மணி நேரத்தில் தட்டு முழுக்கத் தண்ணீர் விட்டுவிட்டது. கல்லில் போட்டால் துண்டு துண்டாக உதிர்கிறது. எத்தனை மாதம் பிரீசரில் கிடந்த மீனோ. கடைசியில் வறுவலைப் புட்டாக்கி, தேங்காய்ப் பூ தூவிப் பரிமாறினேன். மாப்பிள்ளை வீட்டார் புட்டு பிரமாதம் என்றார்கள், அது வேறு விஷயம்.

மறுநாள் அந்த எரிச்சலோடு சந்துக் கடைக்குப் போனேன். ஸ்லேட்டில் ஒரே ஒரு வரி: ‘கடல் மீன் இல்லை.’

“இன்னா தம்பி, தடைக்காலத்துலகூட மே மாசம் முழுக்க குடுத்தியே?”

“மே வரைக்கும் மங்களூர் மீனு வந்துச்சுக்கா. ஜூன் ஒண்ணாந்தேதியோட அந்தப் பக்கமும் படகு நிறுத்திட்டாங்க. இப்ப எவனாச்சும் விசைப்படகு மீனு, இன்னிக்கு வந்ததுன்னு சொன்னா, நம்பாத.”

விஷயம் இதுதான். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2001-ல் இந்தத் தடை ஆரம்பித்தபோது 45 நாள்தான், 2017-ல் 61 ஆக்கினார்கள். மீன் முட்டையிடும் காலம் என்பதால் அந்த ஓய்வு. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை கடைசி வரை. ஆக, ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கக் கதவும் சாத்திக் கிடக்கும். கட்டுமரம், ஃபைபர் படகுகாரர்கள் கொண்டுவரும் கொஞ்சநஞ்சம் கரையோர ஊர்களுக்கே போதாது, வேலூர் வரைக்கும் எங்கே வரும்? பதினான்கு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, ‘இல்லை’ என்று எழுதிப் போட்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். அன்றிலிருந்து நான் வேறு கடைக்குப் போனதில்லை.

உட்கார்ந்திருந்தார் என்பதும் சரியில்லை. அந்த இரண்டு வாரம்தான் அங்கே கூட்டம் அதிகம். காரணம் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளிகள். காந்தி ரோட்டு லாட்ஜ்களில் மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கடல் மீன் ஒரு பொருட்டே இல்லை. ரோகு, கட்லா இருந்தால் போதும். ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும், கையில் ஆஸ்பத்திரி ஃபைல். கட்லாவின் செவுளைக் கட்டை விரலால் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய், “பாசி?” என்றார். நம்மவர் பதறிப்போய், “பாசியெல்லாம் இல்ல தாத்தா, சுத்தமான ஏரி!” என்கிறார். அவர் மறுபடியும் “பாசி? பாசி?”. சுற்றி நின்ற நான்கு பேரும் ஏரியில் பாசி இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. அப்புறம் இன்னொரு வங்காளி அம்மா வந்து விளக்கினார். அவர்கள் பாஷையில் அப்படிச் சொன்னால் பழசு, நேற்றையது என்று அர்த்தமாம். பெரியவர் ஸ்லேட்டைக் காட்டச் சொன்னார். எழுத்துப் புரியவில்லை, தேதி மட்டும் புரிந்தது. ஒரு முழு கட்லாவைத் தலையோடு வாங்கிப் போனார். தலையை நாம் பூனைக்குப் போடுவோம், அவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஏரி மீன் என்றால் எந்த ஏரி என்று நானும் கேட்பேன். பாலாற்றோரத் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றித் தெரியாத வேலூர்க்காரர் கிடையாது. இங்கே அதையும் எழுதுகிறார்: காவேரிப்பாக்கம், சாத்தனூர் அணை, இல்லாவிட்டால் ‘ஆந்திரா குட்டை’. பெரும்பாலும் ஆந்திராதான்.

என் அக்கா மகன் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கிறான். லீவுக்கு வந்தபோது கூடை தூக்க ஆள் வேண்டுமென்று கடைக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்குப் பார்த்து ஒரு பெட்டி மத்தி வந்திருந்தது, விரல் நீளம்கூட இல்லாத பொடி. பையன் ஒன்றை எடுத்துப் புளியங்கட்டை மேல் வைத்து, கேரளாவில் மத்தி 10 சென்டிமீட்டருக்கும் அயிலை 14-க்கும் குறைந்தால் பிடிக்கவே கூடாது என்றான். அயிலை என்றால் நம் கானாங்கெளுத்தி. கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. தையல்காரர் வீட்டிலிருந்து இன்ச் டேப் வாங்கி வரச் சொல்லி, கட்டையின் ஓரத்தில் கத்தியால் இரண்டு கோடு கீறினார். அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை, காசு கொடுத்தாகிவிட்டதே. ஆனால் அடுத்த தடவை ஏஜெண்டிடம் போனில், “கோட்டுக்குக் கீழ வந்தா எனக்கு வேணாம்” என்றாராம். எந்தக் கோடு என்று அந்த ஆளுக்கு என்ன தெரியும்! பொடி மீன் என்றாலே குஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். நெத்திலி கிழவியானாலும் அதே நெத்திலிதான். அதற்கு அந்தக் கட்டையில் கோடு இல்லை.

மத்திக்கு மட்டும் எதற்கு இத்தனை பாடு என்று கேட்டேன். கேரளாவில் 2012-ல் நான்கு லட்சம் டன்னை நெருங்கிக் கிடைத்த மத்தி, 2021-ல் 3,297 டன்னுக்கு இறங்கிவிட்டதாம். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. கடல் சூடேறியதும் ஒரு காரணம், முட்டை போடுவதற்கு முன்பே வாரியதும் ஒரு காரணம். பிறகு கொஞ்சம் மீண்டது என்றான். ஏழை வீட்டு மீன் என்று நாம் ஏளனமாகப் பார்த்த மத்திக்கே இந்த கதி.

அன்று ராத்திரி என் கணக்கு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மெஸ் ஆரம்பித்த வருடம் பென்சிலில் எழுதியிருக்கிறேன்: ‘வஞ்சிரம் 1, நாலு கிலோ, துண்டு 30.’ ஒரே மீன்! போன மாதப் பக்கம்: ‘வஞ்சிரம் 3, மூணே முக்கால் கிலோ.’ ஒவ்வொன்றும் ஒன்றே கால் கிலோ. அந்தக் காலத்தில் ஒரு துண்டு போட்டால் பாதித் தட்டு மறையும், இப்போது ஊறுகாய்க் கிண்ணத்தின் வாய் அளவுதான் இருக்கிறது. “மீன் நோஞ்சானா இருக்குதேக்கா” என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் தம்பி சொன்னபோது, நான் துண்டு போடுவதில் கஞ்சத்தனம் செய்கிறேன் என்று நினைக்கிறாரே என்று கோபம்தான் வந்தது. பையன் நோட்டைப் பார்த்துவிட்டு, “இது சின்ன மீன் இல்ல சித்தி, சின்னப் பிள்ளை. இந்த சைஸ்ல பெரும்பாலும் ஒரு தடவைகூட முட்டை போட்டிருக்காது” என்றான். அன்றைக்கு அந்தக் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே இன்னும் சொன்னான். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலகக் கடல்களின் மீன் வளத்தைக் கணக்கெடுக்கிறது. 1974-ல் நூற்றுக்குப் பத்து வளங்கள்தான் தாங்கும் அளவுக்கு மேல் பிடிக்கப்பட்டவை. 2021-ல் அது நூற்றுக்கு 38-ஐத் தொட்டுவிட்டது. உலகம் முழுக்கக் கடலில் பிடிப்பது 1980-களின் கடைசியிலிருந்து வருடத்துக்கு எட்டு கோடி டன் பக்கமாகவே நிற்கிறது. படகு பெருத்துவிட்டது, இன்ஜின் பெருத்துவிட்டது, மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவிகூட வந்துவிட்டது, ஆனால் பிடிப்பு ஏறவில்லை. தீவனத்தைக் கூட்டிக்கொண்டே போயும் மாடு அதே ஐந்து லிட்டர் கறந்தால், பொய்கைச் சந்தையில் அந்த மாட்டை யாராவது தொடுவார்களா?

கனடா நாட்டு நியூஃபவுண்ட்லாண்ட் கதையையும் அவன்தான் சொன்னான். காட் என்ற மீன், நூற்றாண்டுகளாக அந்த ஊரே அதை நம்பித்தான் பிழைத்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து 1968-ல் மட்டும் எட்டு லட்சம் டன் வாரின. 1992-ல் பார்த்தால் மீனே இல்லை. இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லி அரசாங்கம் தடை போட்டது. அந்த இரண்டு வருடம் 2024-ல்தான் முடிந்தது. முப்பதாயிரம் பேருக்கு வேலை போயிற்று. நாம் 61 நாளுக்கே வஞ்சிரம் இல்லையா என்று முகம் சுளிக்கிறோம்.

சரி, இறாலாவது குட்டையில் வளர்ப்பதுதானே, அதைப் போட்டால் கடலுக்குத் தொந்தரவில்லை என்று நினைத்தேன். அதற்கும் முட்டுக்கட்டை போட்டான். இறால் தீவனத்தில் மீன் தூள் சேர்க்கிறார்கள். கடலில் பிடிப்பதில் வருடத்துக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் டன் அளவுக்கு மீன் தூளாகவும் எண்ணெயாகவும்தான் போகிறது. ரோகுவும் கட்லாவும் பெரும்பாலும் தவிடு, கடலைப் புண்ணாக்கு தின்று வளர்பவை.

அதனால் புதன்கிழமையை ரோகுவுக்கு மாற்றிவிட்டேன். முதல் வாரம் இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள், சேற்று வாடை என்று. கடைக்காரர் மனைவிதான் வழி சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலை நகத்தால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். கல் உப்பு போட்டுத் தேய்த்து, புளித்த மோரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அப்புறம்தான் மஞ்சள். லாட்ஜ் வங்காளி அம்மா சொன்னபடி கடுகு எண்ணெயில் ஒருமுறை வறுத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது, என் வீட்டுக்காரருக்கு ஆகவில்லை. இப்போது நல்லெண்ணெய்தான். எழுந்து போன இருவரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விலை குறைவில்லை, பெங்களூர் ரோட்டு மார்க்கெட்டைவிட கிலோவுக்கு முப்பது, நாற்பது கூடத்தான் வரும். அரைக் கிலோ நெத்திலியைச் சுத்தம் செய்து கேட்டால் அந்த அம்மா முறைப்பார். கழிவுத் தண்ணீர் சந்திலேயே ஓடுகிறது, மழைக்காலத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் மிச்சத்தை நம் தலையில் கட்டப் பார்ப்பார், அந்த விஷயத்தில் மற்ற மீன்காரர்களுக்குச் சளைத்தவர் இல்லை. மாதக் கணக்கு கிடையாது, எனக்கே கிடையாது. ஸ்லேட்டில் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ‘சங்கரா’வைச் ‘சுறா’ என்று படித்துவிட்டுப் பிள்ளை பெற்ற மகளுக்குப் புட்டு செய்ய வந்தவர் ஒருவர் சண்டையே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், கையோடு தூக்குவாளி கொண்டுபோங்கள், கவர் தரமாட்டார். ஸ்லேட்டில் வேண்டிய மீன் இருக்கிறதா என்று முனையிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம்கட்டுங்கள். அந்த இஸ்திரிக்காரர் தன் வண்டிக்கு முன்னால் யாரையும் நிறுத்த விடமாட்டார்.