கூரைச் சூரிய மின்சாரத்தை விளக்குவது: தாளிலா, நேரிலா?

கூரையில் சூரிய மின்தகடு பொருத்தும் நிறுவனம் ஒன்று திருகோணமலை மக்களுக்குத் தன் வேலையை விளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தமிழில் அச்சிட்ட துண்டுப்பிரசுரம். மற்றது, ஏற்கெனவே தகடு பொருத்திய வீட்டுக்கு அயலவர்களை அழைத்து நேரில் காட்டுவது. ஒன்றைச் செய்தால் மற்றது தேவையில்லை என்று எண்ணுவது பெருந்தவறு.

பணக் கணக்குக்குத் தாளே ஏற்றது. 2016இல் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான அரசின் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியபோது, நெட் மீற்றரிங் முறையில் வீட்டுப் பாவனை போக மிகுதி அலகுகள் அடுத்த மாதத்துக்கு வரவாகச் சேர்ந்தனவே தவிரப் பணம் கிடைக்கவில்லை. நெட் எக்கவுண்டிங் முறையில் மிகுதி அலகுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாயும், அடுத்த 13 ஆண்டுகள் 15.50 ரூபாயும் என விலை குறிக்கப்பட்டது. இதையெல்லாம் ஒருவர் சொல்லக் கேட்டு மனதில் இருத்த முடியாது. மின்பட்டியலை அருகில் வைத்து, வீட்டார் கூடியிருந்து கணக்குப் பார்க்க வேண்டும். அந்த விலைகள் பின்னர் திருத்தப்பட்டமையால், திகதி அச்சிடாத தாளை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

ஆனால் 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது எழுந்த கேள்விக்குத் தாள் உதவவில்லை. உச்சி வெயிலில், தகடு இருக்கும் வீட்டிலும் மின்விசிறி ஏன் சுற்றவில்லை? நான் பார்த்த ஒரு பிரசுரம் இதற்குத் 'தீவாக்கத் தடுப்பு' என்ற இரண்டே சொற்களைத் தந்திருந்தது. அதைப் படித்த முதியவர் ஒருவர், "இது தீவுப் பக்கத்து ஆக்களுக்கோ, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். பிழை அவருடையதன்று.

அதே விடயத்தை உவர்மலையில் ஒரு வீட்டில் நேரில் காட்டியபோது பத்து நிமிடமும் ஆகவில்லை. தொழில்நுட்பவியலாளர் பிரதான ஆளியை இறக்கினார். தகட்டின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டரின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. வெளியே மின்கம்பத்தைக் காட்டி, லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி அங்கே ஒருவர் ஏறியிருக்கும்போது இந்த வீட்டிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போனால் அவர் உயிர் போய்விடும், அதனால்தான் இது தானாகவே நிற்கிறது என்றார். ஆளியை ஏற்றிய பின்னும் இன்வேட்டர் உடனே தொடங்கவில்லை; லைன் சீராக இருக்கிறதா என்று சில நிமிடங்கள் பார்த்த பிறகே பச்சை விளக்கு எரிந்தது. அந்தக் காத்திருப்புத்தான் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகப் புரியவைத்தது. தொலைபேசியில் அனுப்பும் காணொளி இதில் பாதியைக்கூடச் செய்யாது; இடையில் நிறுத்திக் கேள்வி கேட்க அதில் வழியில்லை.

நேரில் காட்டுவதிலும் ஒரு குறை உண்டு. கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் வந்து பார்ப்பவர், அன்று இன்வேட்டர் திரையில் கண்ட அலகுகளையே மார்கழி மழையிலும் எதிர்பார்த்து ஏமாறுவார். பன்னிரண்டு மாத உற்பத்தியையும் தனித்தனியே காட்டும் அட்டவணையை ஒரு நாள் காட்சியால் தர முடியாது. அது தாளில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஆட்களை அழைத்துக் காட்டுங்கள், அவர்கள் கேட்பதை அவர்களுடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள், பிரசுரத்தைப் பிறகு எழுதுங்கள். மின்மானிப் பெட்டியருகே ஒட்டும் தாளில் முதல் வரி, "லைனில் கரண்ட் போனால் இதுவும் நிற்கும், கம்பத்தில் ஏறுபவரின் உயிரைக் காப்பதற்காக" என்றிருக்கட்டும்.