அப்பிச்சியின் புல்லட்டும் நாலு ஜோடி டயரும்

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பங்க் இருக்கிறது. அங்கே காற்றுப் பிடிக்கும் பையன் என் வண்டியைப் பார்த்தாலே ஹோஸை இழுத்துக்கொண்டு வந்துவிடுவான். "அண்ணா, பின்னாடி காத்தே இல்லீங்ணா!" இருக்கிறது, எட்டு பிஎஸ்ஐ இருக்கிறது. வைத்ததே அவ்வளவுதான். தோட்டத்திலிருந்து பங்க் ரெண்டு கிலோமீட்டர் என்பதால் உருட்டாத குறையாக மெதுவாக வந்து பெட்ரோல் போட்டுப் போவேன். ஒரு நாள் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாசத்தோடு முப்பது அடித்து வைத்துவிட்டான். அதைக் கவனிக்காமல் நேராகக் கரட்டுக்கு, அதாவது பாறைக் குன்றுக்குப் போனேன். முதல் பாறையிலேயே பின்சக்கரம் வழுக்கி, கால் ஊன்றியாயிற்று.

வண்டி 1976 மாடல் புல்லட் 350. அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வாங்கியது. மாமன் வீட்டில் மாட்டுக்கொட்டாயில் சாய்ந்து கிடந்ததை 2017இல் கொண்டுவந்தேன். சைலன்சரைத் தூக்கிக் கட்டி, ஒற்றை சீட் போட்டு, பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டி டிரையல்ஸ் வண்டி ஆக்கினேன். டிரையல்ஸ் என்றால் வேகப் பந்தயம் இல்லை. பாறை, ஓடை, மேடு என்று கயிறு கட்டிய ஒரு தடத்தைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தரம் ஊன்றினால் 1, இரண்டு தரம் 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3, விழுந்தாலோ தடத்தை விட்டு வெளியே போனாலோ 5. குறைந்த புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். நம்மூரில் போட்டி கீட்டி ஒன்றும் இல்லை. நானும் இரண்டு கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பில் கோடு போட்டு ஓட்டுகிறோம், அவ்வளவுதான்.

புல்லட்டுக்கு இது புது வேஷமும் இல்லை. பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டை ராயல் என்ஃபீல்டு முதலில் வெளியே காட்டியதே 1948இல் இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கப் டிரையல்ஸில்தான். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸை ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் என்ஃபீல்டில் ஜெயித்திருக்கிறார். அந்தக் கால டிரையல்ஸ் வண்டிகளுக்கு முன்னால் 2.75-21, பின்னால் 4.00-19. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், ரெண்டும் இஞ்சில். அறுபதுகளில் ஸ்பெயின்காரர்களின் புல்டாக்கோ வந்து அடித்ததும் பின்சக்கரம் 18க்கு இறங்கிவிட்டது. இன்று கிடைக்கும் நல்ல டிரையல்ஸ் பின்டயர் பெரும்பாலும் 4.00-18தான். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூணு ஜோடி டயர் செலவானது.

முதல் ஜோடி, வண்டியோடு வந்த அளவான 3.25-19 ரோட்டு டயர். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தடத்தில், மண் காய்ந்திருந்தால் போகும், ஒரு தூறல் விழுந்தால் போகாது.

இரண்டாவது, பட்டன் டயர். மோட்டோகிராஸ்காரர்கள் போடுவது. பார்க்க முரட்டுத்தனமாக இருந்ததால் ஏமாந்தேன். என்னைப் போல ஏமாறுகிறவர்கள் நிறைய என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பட்டன் உயரமாக, தள்ளித் தள்ளி இருப்பது சேற்றில் குத்திப் பிடிப்பதற்கு. எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், சேறு எங்கே இருக்கிறது? கொழுக்கட்டைப்புல், அதற்கடியில் செம்மண், அதற்கடியில் சுக்கான்கல், ஓரத்தில் கரடு. கரட்டுப் பாறையில் உயரமான பட்டன் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைந்து கொடுத்துவிடுகிறது. பாறைமேல் நிற்பது நாலைந்து ரப்பர் முனை மட்டும்தான். டிரையல்ஸ் டயரில் கட்டைகள் சதுரமாக, நெருக்கமாக, உயரம் குறைவாக இருக்கும். போட்டி விதியிலேயே 13 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் கூடாது. ரப்பர் மெத்து, பக்கச்சுவர் இளக்கம். காற்றைக் குறைத்தால் டயர் கல்லை உள்ளங்கை மாதிரி பொத்திப் பிடிக்கும். பிடிப்பு வருவது அப்படிப் பொத்திப் பிடிப்பதில்தான். கடையில் டயரைப் பார்க்கும்போது கட்டை வடிவத்தை அப்புறம் பாருங்கள். முதலில் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்காத டயரைப் பாறைக்கு வாங்காதீர்கள்.

மூன்றாவது ஜோடிக்காகத்தான் சக்கரத்தையே மாற்றினேன். ஈரோட்டில் ஒரு பெரியவர் சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் கெட்டிக்காரர். பின் ஹப்பில் 18 இஞ்ச் ரிம்மும், முன் ஹப்பில் 21 இஞ்ச் ரிம்மும் வைத்து, சக்கரத்துக்கு நாற்பது ஸ்போக்ஸ் வீதம் அளவெடுத்து வெட்டிக் கட்டிக்கொடுத்தார். "எதுக்குங் தம்பி, நல்லா இருக்கிற வீலை?" என்று மூணு தரம் கேட்டுவிட்டுத்தான் பழைய கம்பியில் கை வைத்தார். இதில் பயப்பட ஒன்றுமில்லை, கணக்கு சுலபம். 3.25-19 டயரின் மொத்த உயரம் 19 கூட்டல் இரண்டு மூணேகால், அதாவது 25.5 இஞ்ச். 4.00-18 என்றால் 26. அரை இஞ்ச்தான் வித்தியாசம், கியர் இழுவை மாறியதே தெரியாது. ரிம் சிறுத்த இடத்தில் டயரின் சுவர் வளர்ந்திருக்கிறது, கல்லை வாங்கிக்கொள்ள அதுதான் வேண்டும். முன்னால் 2.75-21 போட்டால் 26.5 ஆகி, ஸ்பீடாமீட்டர் நூற்றுக்கு நாலு குறைவாகக் காட்டும். நாற்பது வருசப் புல்லட் ஸ்பீடாமீட்டரை யார் நம்பினார்கள்?

ரிம் வந்தாயிற்று, டிரையல்ஸ் டயர் கிடைக்கவில்லை. 2019இல் எக்ஸ்பல்ஸ் பைக் வந்த பிறகு 120/80-18, 90/90-21 அளவுகள் (இதில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்) நம்மூர்க் கடைகளுக்கு வந்துவிட்டதால் அதே அளவில் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான டயர். கெட்ட டயர் என்று சொல்ல மாட்டேன், இரண்டு வருசம் உழைத்தது. ஆனால் புல்லட்டின் பின் மட்கார்டு 120 அகலத்துக்குச் செய்ததில்லை. சேறு ஒட்டினால் உரசும். 90/90-21 முன்டயர் உயரத்தில் 27 இஞ்சைத் தாண்டுகிறது, பள்ளத்தில் இறங்கும்போது முன் மட்கார்டில் இடித்தது. பக்கச்சுவரும் விறைப்பு, பத்துக்குக் கீழே காற்றை இறக்கியும் பொத்தவில்லை.

நாலாவது, இப்போது ஓடுவது: பிரெல்லி எம்டி43. டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் அரசு கட்டுப்பாடு போட்டபின் கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். லண்டனில் இருக்கும் என் மச்சான் 2022 பொங்கலுக்கு வந்தபோது லக்கேஜில் போட்டுக்கொண்டு வந்தான். "ஊருக்கு வர்றவன்கிட்ட எல்லாரும் சென்ட்டு கேப்பாங்க மாப்ள, நீ மட்டுந்தான் டயர் கேட்ட" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறான். அந்தக் காசுக்கு இங்கே மூணு செட் ரோட்டு டயர் போடலாம்.

போட்டிக்காரர்கள் மிஷெலின், டன்லப்பின் டிரையல்ஸ் டயர்களைத்தான் அதிகம் சொல்வார்கள். அவை இன்னும் இளக்கம். ஆனால் அவர்கள் வண்டி எழுபது கிலோ, என் வண்டி நூற்றறுபதுக்கும் மேல், என்னையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். எம்டி43இன் சுவர் கொஞ்சம் கெட்டி என்பதை அவர்கள் குறையாகச் சொல்கிறார்கள். புல்லட்டுக்கு அது வரம்.

காற்று விஷயத்தில் ஒரு வருசம் தட்டுத்தடுமாறினேன். புத்தகத்தில் எல்லாம் பின்னால் நாலு ஐந்து என்று போட்டிருக்கும். அது இலேசான வண்டிக்கு. நான் ஐந்து வைத்து ஓட்டி, சுக்கான்கல் விளிம்பில் ரிம்மை அடித்துச் சப்பையாக்கினேன். இப்போது பின்னால் 8, முன்னால் 9. முன்சக்கரம்தான் கல்லில் முதலில் மோதுகிறது, அதனால் அதற்கு ஒன்று கூட. பங்க்கில் இருக்கும் மீட்டர் பத்துக்குக் கீழே சொல்வதெல்லாம் ஜோசியம். 15 வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், டயரை விட அது முக்கியம்.

டயர் ரிம்மில் நழுவாமல் உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ரிம் லாக் இல்லாமல் இந்தக் காற்றில் ஓட்டாதீர்கள். நான் ஓட்டினேன். கரட்டில் ரெண்டாவது கியரில் ஒரு முறுக்கு, டயர் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது, ரிம் மட்டும் உள்ளே சுற்றிவிட்டது. டியூப் டயரோடு போக, வால்வு ரிம்மோடு வர, வால்வு வேரோடு பிடுங்கிக்கொண்டது. மூணு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். இப்போது பின்னால் இரண்டு ரிம் லாக், முன்னால் ஒன்று. வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடிப் பக்கம் ஏற்றி வைத்திருக்கிறேன். டயர் நகர ஆரம்பித்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் முள். கொறங்காடு என்றால் வெள்வேல மரம், வேலி என்றால் கிளுவை. மாடு மேயும் காட்டில் முள்ளைக் குறை சொல்லிப் பயனில்லை. பஞ்சர் கடை அண்ணன் ஒரு தரம் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கியபோது மூணு இடத்தில் குமிழி வந்தது. ஒட்டு போட்டு மாட்டப்போனவரை, பழைய வேட்டித் துணியை டயரின் உட்புறத்தில் ஒரு சுற்று தேய்க்கச் சொன்னேன். துணி நூல் மாட்டுகிற இடத்தில் எல்லாம் முள்முனை. ஏழு எடுத்தார், குறடு போட்டு ஒவ்வொன்றாக. "இதுக்கு எதுக்குங் டயரு, கட்ட வண்டிச் சக்கரம் மாட்டிக்குங்" என்றார். தடித்த டியூபும் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பச்சைத் திரவமும் போட்டபின் மாதம் ஒரு பஞ்சர் என்பது வருசத்துக்கு இரண்டு மூன்று என்று குறைந்தது.

இந்த டயருக்கு ஆகாத இடமும் உண்டு. தாராபுரத்துக்குத் தெற்கே கருமண் காட்டில் மழைக்கு அடுத்த நாள் இறங்கினேன். நெருக்கமான கட்டைகளுக்கு இடையே மண் அடைத்து நூறடியில் டயர் பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. அங்கே பட்டன் டயர்தான் சரி. தார் ரோடும் இதற்கு எதிரி. ஒரே ஒரு தரம், பின்னால் 20 வைத்து, கொல்லிமலையின் எழுபது வளைவையும் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி தயிர்மேல் நிற்பது போல நெளிந்தது. இப்போது தூரம் போவதென்றால் வண்டி குட்டியானையில் ஏறிவிடும்.

பழைய இருப்பில் டிரையல்ஸ் டயர் மலிவாகக் கிடைத்தால் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மெத்து ரப்பர் வருசம் ஆக ஆக இறுகிப்போகும். நகம் பதியாவிட்டால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

நாலாவது வருசத்தில் பின்டயரின் கட்டைகள் ஒரு பக்கம் மழுங்கிவிட்டன. தேய்வது முறுக்கு வாங்கும் விளிம்பு மட்டும்தான், எதிர் விளிம்பு புதுசு போல இருக்கிறது. அதனால் போன மாதம் டயரைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். பிடிப்பு முக்கால்வாசி திரும்பி வந்திருக்கிறது. மச்சான் அடுத்த பொங்கலுக்கு வருகிறானாம். அதுவரை இது தாங்கும். திருப்பிப் போட்டதிலிருந்து இதுவரை இரண்டு முள்.