'இன் த வுட்ஸ்' முதலா, 'த லைக்னஸ்' முதலா?

துப்பறியும் நாவலாசிரியர் டானா ஃப்ரெஞ்ச், அயர்லாந்துத் தலைநகர் டப்ளினின் போலீஸ் கொலைப் பிரிவை வைத்து எழுதிய நாவல்கள் மொத்தம் ஆறு. முதலாவது 'இன் த வுட்ஸ்' (2007), அடுத்தது 'த லைக்னஸ்' (2008). எதில் தொடங்கலாம் என்று கேட்டால் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். நான் முதல் நாவலின் கட்சி.

நடை, டப்ளின் சூழல், போலீஸ்காரர்களின் நக்கல் பேச்சு, இதிலெல்லாம் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுமே மெதுவாக நகரும். பக்கத்துக்குப் பக்கம் திருப்பம் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டுமே ஒத்துவராது.

'த லைக்னஸ்' மீதான புகார் ஒன்றுதான்: நம்ப முடியவில்லை. காஸி மேடாக்ஸ் என்ற துப்பறிவாளரை அப்படியே உரித்து வைத்தாற்போல ஒரு பெண் கொலையாகிக் கிடக்கிறாள். அவள் வைத்திருந்த பெயரோ, முன்பு ரகசியப் பணிக்காகக் காஸிக்கென்று புனைந்த பெயர். அவள் பிழைத்துவிட்டதாகச் சொல்லி, காஸி அவள் இடத்தில் குடியேறுகிறாள். கூடவே வாழ்ந்த நான்கு நண்பர்களுக்கு ஆள் மாறியது தெரியாதா? நியாயமான கேள்வி. ஆனால் அதை ஒருமுறை விழுங்கிவிட்டால் அந்தப் பழைய வீடும் அவர்களின் நெருக்கமும் நம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

'இன் த வுட்ஸ்' கிளப்பும் கோபம் வேறு வகை. 1984-இல் காட்டுக்குள் விளையாடப் போன மூன்று பிள்ளைகளில் ஒருவன் மட்டும் கிடைக்கிறான், காலணிக்குள் ரத்தத்தோடு, எந்த நினைவும் இல்லாமல். அவன்தான் வளர்ந்து, பெயரை மாற்றிக்கொண்டு, துப்பறிவாளர் ராப் ரையன் ஆகிறான். பல வருடம் கழித்து அதே ஊரில், நெடுஞ்சாலை வருவதற்குள் அவசரமாக நடக்கும் அகழாய்வில், 12 வயதுச் சிறுமியின் உடல் கிடைக்கிறது. இந்த வழக்குக்கு விடை உண்டு. 1984-க்கு இல்லை. (இதைத் தெரிந்துகொண்டு படிப்பதே நல்லது. கடைசிப் பக்கத்தில் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டியிருக்காது.)

எனக்கு முடிவைச் சொன்னது மறுவாசிப்பு. கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் புத்தகத்தில் என்ன மிச்சம்? ராப் ஆரம்பத்திலேயே, தான் பொய் சொல்பவன் என்று நம்மிடம் சொல்லிவிடுகிறான். முதல் முறை அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டு கடந்துவிட்டேன். இரண்டாம் முறை ஒவ்வொரு விசாரணைக் காட்சியும் வேறாகத் தெரிந்தது. யாரைப் பார்த்து இளகுகிறான், எந்தப் பதிலை மேலே கேட்காமல் விடுகிறான், கூட்டாளி காஸி சொல்வதை எங்கே காதில் வாங்கவில்லை, எல்லாம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. சிறுவயதில் எதை மூடி வைத்தானோ, அதுதான் இப்போதும் அவன் கண்ணை மறைக்கிறது. பழைய புதிர் அவிழ்ந்திருந்தால் ராப் தேறியிருப்பான். அப்படியானால் இந்தக் கதையே நடந்திருக்காது. விடை இல்லையே என்ற எரிச்சல் எனக்கு அங்கேதான் அடங்கியது.

'த லைக்னஸை' ஒரு தடவைதான் படித்திருக்கிறேன், அதனால் இந்த ஒரு விஷயத்தில் என் தராசு சற்றுச் சாய்ந்தே இருக்கலாம்.

கதைசொல்லியைப் பிடித்தால்தான் படிக்க முடியும் என்பவர்களுக்கு ராப் கஷ்டம். பிற்பாதியில் அவன் காஸியை நடத்தும் விதத்துக்கு எனக்கே ஓர் அறை விடத் தோன்றியது. அவர்கள் தாராளமாகக் காஸியிடமிருந்து தொடங்கலாம். ஒன்று மட்டும்: 'த லைக்னஸ்' தொடங்கும்போதே அவள் கொலைப் பிரிவை விட்டுப் போயிருப்பாள். அது ஏன் என்பதுதான் முதல் நாவலின் பாதிக் கதை.