குரோசவாவை எங்கிருந்து தொடங்குவது: ‘இகிரு’வா, ‘செவன் சாமுராய்’ படமா?

1910இல் டோக்கியோவில் பிறந்து, ஓவியராக முயன்று, 1936இல் உதவி இயக்குநராகத் திரைத்துறைக்குள் நுழைந்த ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவை, 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வென்ற ‘ராஷோமோன்’ படம் உலகறியச் செய்தது. அதன்பின் வந்த இவ்விரு படங்களில் எதை முதலில் பார்ப்பது என்று தயங்குவோர் பலர்.

நேரம்: ‘இகிரு’ (1952) 143 நிமிடங்கள், ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிடங்கள்.

கதை: முன்னதில், புற்றுநோயால் சாகப்போவதை அறிந்த அரசு அதிகாரி ஒருவர் சிறுவர் பூங்காவுக்காகப் போராடுகிறார், பின்னதில், கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்க உழவர்கள் சாமுராய்களை (ஜப்பானியப் போர்வீரர்களை) அமர்த்துகின்றனர்.

கைத்திறன்: ‘செவன் சாமுராய்’ படத்தின் இறுதிப் போர், கொட்டும் மழையில் பல கேமராக்களால் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டதால், சேற்றில் சறுக்கும் குதிரையும் வீழும் மனிதனும் நம் கண்முன் நிகழ்வதாகவே தோன்றும். ‘இகிரு’வின் துணிச்சல் வேறு வகை: படம் முடிய வெகுநேரம் முன்பே நாயகன் இறந்துவிட, துக்க வீட்டில் சாகே (அரிசி மது) அருந்தும் சக ஊழியர்களின் முரண்பட்ட நினைவுகள் வழியே மீதிக்கதை விரிகிறது. (அவர்களின் நழுவல் பேச்சு, எந்த நாட்டு அலுவலகத்துக்கும் பொருந்தும்.)

நடிப்பு: இரண்டிலும் தகாஷி ஷிமுராவே, கூனிய அதிகாரியும் நிதானமான படைத்தலைவரும் ஒரே மனிதர் என்று நம்புவது கடினம்.

போர்க்காட்சிகளையும் பெருங்கூட்டத்தை ஆளும் இயக்கத்தையும் கற்க விரும்புவோர், ஒரு விடுமுறை நாளை ஒதுக்கி ‘செவன் சாமுராய்’ பார்க்கலாம். மற்றவர்களுக்கு, மெதுவான நடையைப் பொறுத்துக்கொள்வார்களெனில், ‘இகிரு’வையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.