மகன் விரும்புவது நாடக நடிகையை, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை: ஆறு அமர்வு ஆலோசனை எப்படி?

அம்மாவைச் சம்மதிக்க வைத்துத் தரும் சேவை என்று நினைத்துக் காசு கட்டினால் ஏமாற்றம்தான். இது வீடியோ வழிக் குடும்ப ஆலோசனை. 6 அமர்வு, ஒவ்வொன்றும் 50 நிமிடம்.

முதல் அமர்வு அம்மாவுக்கு மட்டும், அடுத்தது மகனுக்கு மட்டும். இந்த வரிசை சரி. எடுத்த எடுப்பிலேயே இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் அம்மா பேச்சை மகன் பாதியில் வெட்டுவான், அவரும் "உன் இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அம்மாவிடம் ஒரு தாளை மூன்றாக மடிக்கச் சொல்கிறார்கள்: பார்த்தது, கேள்விப்பட்டது, பயப்படுவது. "ராத்திரி எத்தனை மணிக்கு வருவா? யாரு கொண்டாந்து விடுவா?" என்பது பயம். இதற்குப் பதில் சொல்ல முடியும். நாடகம் 9 மணிக்கு முடிந்தாலும் ஒப்பனை கலைத்து, உடைகளை எண்ணி வைத்துவிட்டுத்தானே கிளம்ப முடியும்? வருமானம் பற்றிய கேள்விக்கு நல்ல மாதம் ஒன்றைக் காட்டக் கூடாது. 12 மாதக் கணக்கை, நாடகமே இல்லாத மாதங்களோடு வைக்க வேண்டும். "நாடகக்காரின்னா அப்படித்தான்" என்பது கேள்விப்பட்டது. அதோடு வாதாடாமல் விடுகிறார்கள். 'பார்த்தது' பகுதி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதை மகன் சுட்டிக்காட்டினால் போச்சு, அம்மாவே கவனிக்கட்டும்.

சொதப்புவது மூன்றாவது, கூட்டு அமர்வில். ஒரே செல்போன் முன்னால் இருவரும் உட்கார்ந்தால் அம்மாவின் பாதி முகம் திரைக்கு வெளியே போய்விடும், மகனே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான். ஒரே அறையில் இரண்டு போன் வைத்தால் எதிரொலி. தனித்தனி அறை, தனித்தனி இயர்போன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

நான்காவதில், குடும்ப உறவுகளை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவனின் 'முக்கோணம்' வருகிறது: இருவருக்குள் இருக்கும் இறுக்கம் மூன்றாவது ஆள் மேல் போய் விழுவது. இங்கே மகன் தபால்காரன். "அம்மா இப்படிச் சொன்னாங்க" என்று அந்தப் பெண்ணிடமும், அவள் சொன்னதை இங்கேயும் கொண்டு சேர்ப்பது அன்றோடு நிற்க வேண்டும்.

ஐந்தாவதற்கு முன் அம்மாவை ஒத்திகைக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். மொத்தச் சேவையிலும் உருப்படியான யோசனை இதுதான். நேரே நாடகத்துக்குக் கூட்டிப்போனால் இருட்டில் உட்கார்ந்து, அவள் வேறொருவனைக் கட்டிப்பிடிப்பதைப் பார்ப்பார். வீடு வரை பேச மாட்டார். ஒத்திகையில் அதே கட்டிப்பிடிப்பை இயக்குநர் "மூணாவது அடியில கை, நாலுல திரும்பு" என்று எண்ணி எண்ணிப் பத்துத் தடவை செய்ய வைப்பார். நடுவில் அவள் தண்ணீர் குடிப்பாள், வசனத்தைத் தவறவிடுவாள், திட்டு வாங்குவாள். அம்மாவுக்கு அது வேலையாகத் தெரியும்.

ஆறாவது அமர்வில் கேட்கும் 'ஒப்புதல் வாக்குறுதி' வேண்டாத வேலை.

வீட்டில் மிரட்டலோ அடியோ இருந்தால் கூட்டு அமர்வே கூடாது. இதைப் படிவத்தில் ஒரு வரியில் கேட்டால் போதாது. அந்தப் படிவத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் நிரப்புகிறார்கள். தனித்தனியாகப் போனில் கேட்க வேண்டும்.