ஈறு மருந்து என்று சொல்லி 6,480 ரூபாய் பிடுங்கிய கும்பல்: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

6,480 ரூபாய் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள் என்பது இன்று காலையில்தான் தெரிந்தது. ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன், முன்னுக்குப்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, வாய் நாறுகிறது என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ராத்திரி படுத்துக்கொண்டு ஃபோனில் மருந்து தேடுபவர்களுக்கான பதிவு இது. என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கொஞ்ச நாளாகவே காலையில் பல் தேய்த்துத் துப்பினால் நுரை சிவப்பாக வரும். பக்கத்து சீட்டுப் பெண் நான் பேச வந்தாலே ஏலக்காயை நீட்ட ஆரம்பித்தாள். நல்ல பெண், வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. ஆனால் ஏலக்காய் எதற்கு வருகிறது என்று எனக்குப் புரியாதா?

தேடிப் பார்த்த மறுநாளே விளம்பரம் வந்து நின்றது. எல்லோரும் வைத்திருக்கும் ஒரு சமூக வலைத்தளம்தான். விற்பது, ஃபோனில் பேசி கூரியரில் அனுப்பும் மூலிகை மருந்துக் கடை. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒருவர் பேசுகிறார். பல்லுக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கு என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

இலவச ஆலோசனை என்று போட்டிருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவன் பேசிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அவசரமே படவில்லை. "அக்கா, டென்டிஸ்ட்கிட்ட போனா கிளீனிங் பண்ணச் சொல்வாங்க. பண்ணிடாதீங்க. எங்க அம்மாவுக்குப் பண்ணி, இருந்த நல்ல பல்லும் ஆட ஆரம்பிச்சிடுச்சு" என்றான். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் சொல்லி வருவதும் இதுதான். சித்தி சொல்வதை அப்படியே ஒரு டாக்டர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? ஈறை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். வீட்டுக்காரரிடம்கூடக் காட்டாததை, உதட்டை இழுத்துப் பிடித்து எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது: "ரெண்டாவது ஸ்டேஜ்தான்க்கா, பயப்படாதீங்க. கோர்ஸ் முடிச்சும் சரியாகலைன்னா முழுப் பணமும் வாபஸ்." அந்தப் பதிவு இன்னமும் என்னிடம் இருக்கிறது.

பல்பொடி, ஈறில் தடவ எண்ணெய், கொப்பளிக்கக் கஷாயம். பார்சல் வந்தபோது 3,240 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பொடி வாயைச் சுருக்கும் துவர்ப்பு. ஒரு வாரத்தில் ரத்தம் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அவனே கூப்பிட்டு, "பாத்தீங்களாக்கா, வேரோட போகணும்னா ரெண்டாவது கோர்ஸ் எடுத்தே ஆகணும்" என்றான். ஜிபேயில் இன்னொரு 3,240. ஆக மொத்தம் 6,480.

இரண்டாவது பெட்டி எண்ணெயில் கிராம்பு வாசம் தூக்கியது. தடவிய இடம் எரிந்து, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தோல் உரிந்தது. நாற்றம் முன்பைவிட மோசம். ரத்தமும் திரும்ப வந்தது. கீழ் வரிசை முன்பல் ஒன்று நாக்கால் தள்ளினாலே அசைந்தது.

கேட்டால் என்ன சொன்னான் தெரியுமா? "கெட்ட ரத்தம் வெளியேறுதுக்கா, நல்லதுதான்." அடுத்த முறை, "பத்தியம் இருந்தீங்களா? தயிர் சாப்பிட்டிருப்பீங்க." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வேறு ஒரு பெண்ணிடம் லைனை மாற்றினான். "சீல் உடைச்ச பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்." சீலை உடைக்காமல் பொடியை எப்படியம்மா பல்லில் தேய்ப்பது என்று கேட்டேன், கட் செய்துவிட்டாள். கூரியர்காரர்கள் நாங்கள் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி என்றார்கள். விளம்பரம் ஓடும் தளத்தில் புகார் செய்தால் எங்கள் விதிகளை மீறவில்லை என்று தானியங்கிப் பதில். இன்றைக்கும் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பல் மருத்துவரிடம் போனேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார். 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி, எனக்குச் சில இடங்களில் 6. எக்ஸ்ரேயில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருந்தது. பல்லில் படியும் அழுக்கு எச்சிலில் உள்ள தாதுக்களோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடுமாம். அப்புறம் பிரஷ், பொடி, எண்ணெய் எதற்கும் அது அசையாது. ஈறுக்கு அடியில் குடியிருக்கும் கிருமிகள் விடும் கந்தக வாயுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். படிகாரம், மாசிக்காய் மாதிரித் துவர்ப்புச் சரக்கு ஈறை இறுக்கிப் பிடித்து ரத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்குமே தவிர, அடியில் கல் அப்படியே இருக்கும். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, டப்பாவில் எழுதியிருந்தால்தானே!

கிளீனிங் செய்தால் பல் ஆடுமா என்று கேட்டேன். சிரித்தார். ஆடும் மேசைக்காலுக்கு அட்டையை மடித்து வைப்பதுபோல, எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடும் பல்லை அந்தக் கல் தாங்கி நிற்கிறது. கல்லை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, பழி கிளீனிங் மேல் விழுகிறது. இந்த பயத்தை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்!

சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். பார்த்தால் ஏறித்தான் இருந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது என்றார். ஃபோனில் பேசிய அந்த "டாக்டர்" சர்க்கரை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. 6,480 ரூபாய்க்கு வாய்க்குள் எட்டிக்கூடப் பார்க்காத வைத்தியம்! சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, படித்த வைத்தியர் ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுக்க மாட்டார்.

சரி, சொல்கிறேன் என்ற விஷயம். விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், காசில்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்தாதீர்கள், மென்மையான பிரஷ் போதும், நாக்கையும் வழியுங்கள். இதய நோய்க்காக ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். உரிம எண், பேட்ச் எண், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் இல்லாத டப்பாவை வாயில் வைக்காதீர்கள். ஈறு ஃபோட்டோவை முன்பின் தெரியாதவனுக்கு அனுப்பாதீர்கள்.

ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள், நான் செய்திருக்கிறேன். ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு உடனே அழையுங்கள், தாமதித்தால் பணத்தை நிறுத்துவது கஷ்டம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டோம் என்றாவது ஆன்லைனில் விற்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அதுவும் வரவில்லை. பெயரைக் கேட்காதீர்கள், நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அனுப்பியவர் முகவரி என்று ஏதாவது இருந்தால் மேலே ஒட்டிய கூரியர் சீட்டில்தான் இருக்கும், புகாரில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.