காரங்காடா, பிச்சைமூப்பன் வலசையா? காற்றைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் வனத்துறை ஊர்க்காரர்களை வைத்து நடத்தும் படகுச் சவாரிகளில் அதிகம் விசாரிக்கப்படுபவை இரண்டு. தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரங்காடு ஒன்று, ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன் வலசை இன்னொன்று. எது நல்லா இருக்கும் என்று கேட்பவர்கள் எந்த மாதம் போகிறோம் என்பதைச் சொல்வதே இல்லை. காரங்காடு வடகடல், வலசை தென்கடல். ஐப்பசியில் வாடை கிளம்பினால் பாக் நீரிணைப் பக்கமான வடகடல் புரளும், மன்னார் வளைகுடா பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும்போது அப்படியே தலைகீழ். டிக்கெட் எந்த மாதத்திலும் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றல்ல.

முதலில் காரங்காடு. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் தாண்டிப் போக வேண்டும். தொண்டி பஸ் ஏறி விலக்கில் இறங்கலாம், ஆனால் ஊருக்குள் போக வண்டி தேவை. டூ வீலரோ காரோ இருந்தால் தொல்லையில்லை. உப்பூரில் கூரையில்லாத வெயிலுகந்த விநாயகரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்வது நல்லது. காடு காலையில் தருவதை மதியம் தராது.

படகோட்டிகள் அந்த ஊர் மீனவர்கள். கால்வாயில் படகு நுழைந்ததும் இருபுறமும் அலையாத்திக் காடு. இங்கே அதிகம் இருப்பது வெண்கண்டல். சேற்றிலிருந்து பென்சில் பருமனில் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. ஓர் இலையைப் பறிக்காமல் திருப்பி விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கிவிடுகிறது. மழை பெய்த மறுநாள் போனால் அந்த உப்பு கழுவிப்போயிருக்கும். படகோட்டியிடம் கேட்டால்தான் இதையெல்லாம் காட்டுவார்கள். கேட்காவிட்டால் "இதுதான் மாங்குரோவ்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இந்தச் சேவையின் பெரிய குறை அதுதான்.

இன்னொரு குறை எஞ்சின் சத்தம். வளைவுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் கொக்கும் மீன்கொத்தியும் படகு வருமுன்பே எழுந்துவிடும். குறுகிய இடத்தில் எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கம்பு ஊன்றிப் போகச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் சேற்றின் மேல் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும் நண்டுகள் வளையை விட்டு வெளியே வரும். ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கொடுக்கு. கடல் நீர் வடிந்திருக்கும் வற்றத்தில் போனால் இந்தக் காட்சி நிச்சயம், ஏற்றத்தில் சேறே தெரியாது. இந்தக் கடலில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் கூடுதல், அப்போது ஆழமில்லாத இடங்களில் எஞ்சின் விசிறி சேற்றைத் தட்டும். படகு நின்றுவிட்டால் பதற வேண்டாம், விசிறியைத் தூக்கிவிட்டுத் தள்ளுவார்கள். நீங்கள் மட்டும் இறங்காதீர்கள். முழங்கால் வரை உள்ளே போகும், செருப்பு திரும்பி வராது. வேரில் ஒட்டியிருக்கும் கொட்டலசும் சிப்பியும் காலைக் கிழித்துவிடும்.

கயாக் எடுப்பதே என் தேர்வு, சத்தமில்லை. ஆனால் முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள். காற்றோடு சுகமாகப் போய்விட்டுத் திரும்பும்போது கை ஓய்ந்துபோனவர்கள் நிறைய. வெயில் ஏறியதும் கடல் காற்று கிழக்கிலிருந்து வந்துவிடும், ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது உத்தமம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவில்லை, அல்லது வார் தளர்ந்திருக்கிறது. குழந்தைகளுக்குச் சின்ன அளவு இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்குமுன் கேளுங்கள்.

வாடைக் காலத்தில் கால்வாய்க்குள் சவாரி நடக்கும், முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். அதற்காகச் சண்டை போடுவது வீண். குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும் இருக்கும், கடல் காகங்களையும் உள்ளான்களையும் பார்க்க மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம்.

பிச்சைமூப்பன் வலசைக்கு வருவோம். இங்கே கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறையும் கடற்புல்லும் பார்க்கலாம். மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெரும்பாலும் அரை மீட்டர் முதல் மூன்று மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால்தான் இந்த ஏற்பாடே சாத்தியம். ஆனால் இந்த ஆழத்தில் கொஞ்சம் அலை அடித்தாலே மணல் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் போனால் கண்ணாடி வழியே பச்சைக் கலங்கல்தான் தெரியும். அதற்குப் படகையோ ஓட்டுபவரையோ குறை சொல்லிப் பயனில்லை. தை முதல் பங்குனி வரை, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள். சூரியன் கொஞ்சம் உயர்ந்தால்தான் வெளிச்சம் கீழே இறங்கும், ரொம்ப நேரமாகிவிட்டால் காற்று ஏறிவிடும்.

ஏறுவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள். கீறலோ பாசியோ படிந்திருந்தால் வேறு படகு கேளுங்கள். ஒரு துண்டைத் தலைமேல் போர்த்திக் குனிந்தால் மேலேயுள்ள வெளிச்சம் கண்ணாடியில் பிரதிபலிக்காது, கிளிமீன் போவதுகூடத் தெளிவாகத் தெரியும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும், முறை வைத்துப் பாருங்கள். பவளம் முழுக்கப் பால் வெள்ளையாக இருந்தால் அழகென்று படம் எடுக்க வேண்டாம், அது வெளிறியது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறியபோது இங்கே பவளங்கள் பெரிய அளவில் வெளிறின. கடற்புல் மேயும் ஆவுளியாவை, அதாவது கடல் பசுவை, காட்டச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள், மீனவர்களுக்கே அது அபூர்வம்.

எதிரே தெரியும் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. 1986-ல் அறிவிக்கப்பட்ட அந்த 21 தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்க முடியாது. கரையொதுங்கிய செத்த பவளத் துண்டைப் பையில் போட்டாலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சாப்பாட்டில் காரங்காடு முந்துகிறது. ஊர்ப் பெண்கள் சமைக்கும் மீன் சாப்பாடும் நண்டு சூப்பும் முன்கூட்டியே சொன்னால்தான் கிடைக்கும், படகு ஏறுமுன் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகில் வருவதுதான் சட்டிக்கு வரும், இந்த மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. ரொக்கம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தொப்பியையும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரையும் மறக்க வேண்டாம். சனி, ஞாயிறு வரிசை நீளும். செவ்வாய், புதன் காலை ஏழரைக்கு அங்கே நின்றால் கால்வாயே உங்களுக்குத்தான்.